நீலப்பூப் போட்ட கப்பு

வாங்கம்மிணி, உள்ள வாங்க. செருப்பக் கழட்ட வேண்டாமுங்க, அப்படியே வாங்க. கழட்டிட்டீங்களா, அதுவும் நல்லதாப் போச்சு. மொசைக் தரை, வெறுங்கால் வெச்சா சில்லுன்னு இருக்கும். எங்க மாமனார் போட்ட தரைங்க இது. இன்னி வரைக்கும் ஒரு விரிசல் உண்டா பாருங்க. அந்த மூலையில தெரியறது விரிசல் இல்லீங்க, அது கோடு.

உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. மாராத்தா! ஏ மாராத்தா! அம்மாவுக்குக் காப்பி கொண்டா. வெள்ளி டம்ளர்ல கொண்டா. கேட்டுச்சா? வெள்ளி.

எனக்கு வேண்டாமுங்க, நான் இப்பத்தான் குடிச்சேன்.

பொறத்தால இருக்கற அவுட்ஹவுஸ் வாடகைக்குக் கெடைக்குமான்னு கேட்டீங்க இல்லீங்களா? உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா, கோவிச்சுக்க மாட்டீங்களே? நீங்க வாடகைக்கு வீடு தேடற ஆளில்லை. காரை வீதி முக்குலயே நிறுத்திட்டு வெயில்ல நடந்து வந்தீங்க. வந்தவங்க எங்க கேட்டைப் பாக்கல, பக்கத்து வீட்டு கேட்டைப் பாத்துட்டு நின்னீங்க. மாடியப் பாத்தீங்க, கொடியில என்ன துணி காயுதுன்னு பாத்தீங்க. நான் ஜன்னல்கிட்டதான் இருந்தேன். பொண்ணு விசாரிக்க வந்திருக்கீங்க. சிரிக்கறீங்க பாருங்க! அதேதான். எங்க அத்தையும் இப்படித்தான் என்னை விசாரிக்க வந்தாங்களாம். எங்க தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்துல போயி, எருமை விலைக்கு இருக்கான்னு கேட்டுட்டு நின்னாங்களாம். பெரிய குடும்பத்துல எல்லாம் இதுதானுங்க முறை. தரகன் சொல்றத எவன் நம்புவான்? அக்கம் பக்கம் கேட்டாத்தான் தெரியும்.

பையனுக்கு நீங்க அத்தைங்களா? பெரியம்மா. சரி சரி. ஊரு? ஆனைமலைப் பக்கமா. தோப்பு இருக்குமே. உங்க மாமனாரோட அப்பாரு காலத்துலருந்தா? அதானே பாத்தேன். நீங்க உள்ள வந்து சுவத்தப் பாக்காம என்னைப் பாத்துக் கும்பிட்டீங்க பாருங்க, அங்கயே தெரிஞ்சுபோச்சு. இப்ப வர்ற சனம் உள்ள கால் வெச்சதும் மேல பாக்குது, ஃபேன் எத்தனை ஓடுது, ஏசி எங்க மாட்டியிருக்குன்னு.

நல்ல குடும்பந்தானுங்க பக்கத்து வீடு. நான் அதை மொதல்லயே சொல்லிடறேன். நான் யாரப் பத்தியும் தப்பாப் பேசற ஆளில்லை. அதுலயும் கல்யாணப் பேச்சுல போயி ஒரு வார்த்தை கூடக் கொறையச் சொல்றது பாவமுங்க. என் வாயில வராது. நடந்தது நடந்தபடி சொல்றேன், நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

அந்த எடத்துல முந்தி இருந்தது தாசில்தார் பங்களா. அவரு பேரன்மாருக எல்லாம் வெளிநாட்டுல. வித்துட்டானுக. யாருக்கு வித்தீங்கடான்னு கேட்டா, நல்ல பார்ட்டி பெரியம்மாங்கறான். வந்து பாத்தா திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆளு. நல்லுசாமின்னு பேரு. போர் போடற ரிக் வண்டி வெச்சிருக்காரு. நம்ம ஊர்ல ஓடாதுங்க அது, ராஜஸ்தான், ஒரிசான்னு போயி ஓட்டை போட்டுட்டு வரும். நம்ம சனந்தான், இல்லைங்கல. கூட்டம், குலமெல்லாம் விசாரிச்சுட்டேன், சரியாத்தான் இருக்கு. ஆனா அவங்கப்பாரு கூலிக்குக் கெணறு வெட்டுனவரு. அதை அவரு மறைக்கவும் மாட்டாரு, அதான் எனக்குப் புடிக்காதது. வந்த அன்னிக்கே, "எங்கப்பன் கடப்பாரையில தோண்டுனதுங்க, நான் மெசின்ல தோண்டறனுங்க"ன்னு சொல்லிட்டுச் சிரிக்கறாரு. இதெல்லாம் சொல்ற விசயமா?

பங்களாவை இடிச்சாங்க. சரி, வாங்குனவங்க இடிக்கறாங்க, நாம என்ன சொல்ல முடியும். கட்டுனாங்க பாருங்க ஒரு வீடு! நீங்களே பாத்தீங்களே. முன்னால முழுக்கக் கண்ணாடி. கேட்டு பெட்ரோல் பங்க்குக்கு வெக்கிற மாதிரி. அதுல ரெண்டு பக்கமும் யானை. மேல கருங்கல்லுல பேரு, "பாவாயி இல்லம்". நல்லுசாமியோட அம்மா பேராம். பொழுது எறங்குனா பேரைச் சுத்தி லைட் எரியும். எங்க வீட்டுக்கு என்ன பேருன்னு வெளிய பாத்தீங்களா? இல்லை. பேரே கெடையாது. இந்த பங்களா வீதியில பழைய வீடு எதுக்குமே பேர் போடல. எதுக்குப் போடணும்? தெரியாதவன் வர்றதுக்குத்தானே பேரு?

பெயிண்டும் அப்படித்தானுங்க. எங்க வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சு வருசமாச்சு, நீங்க பாத்திருப்பீங்க. அடிக்க முடியாம இல்லை. எங்க வீட்டுக்காரரு இருக்கறப்பவே சொல்லுவாரு, புதுசா மினுக்கறது நேத்து வந்தவங்க வேலைன்னு. பாசி படிஞ்ச சுவரு இருந்தாத்தான் அது வீடு. மாடி ஒழுகுதுதான். ஒழுகற ரூமைப் பூட்டி வெச்சுட்டேன். இருக்கறது நான் ஒருத்தி, எனக்கெதுக்கு அத்தனை ரூம்?

தாசில்தார் வெச்ச தூங்குமூஞ்சி மரம் ஒண்ணு அங்க உண்டு. அதை வெட்டிருவாங்கன்னு நெனச்சேன். வெட்டலைங்க. மரத்துக்கு எடம் விட்டு காம்பவுண்டை வளைச்சுக் கட்டி, மரம் பூரா சீரியல் லைட்டைச் சுத்தி விட்டுட்டாங்க. பச்சை, செவப்பு, நீலம். கல்யாண மண்டபம் தோத்துச்சு. வெட்டியிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

காப்பி வந்துருச்சு பாருங்க. குடிங்க. சூடா இருக்கும், டம்ளர் ஓரத்தைப் புடிங்க. கனமா இருக்குதுங்களா? பழைய வெள்ளி. இப்பக் கெடைக்காது. மீதியெல்லாம் உள்ள பூட்டி வெச்சிருக்கேன். எம் பெரிய பையன் வெளிநாட்டுலருந்து வர்றப்பத்தான் எடுக்கறது.

அந்த அம்மா பேரு பூவாயி. வீடு கட்டறப்ப வாடகை வீட்டுலருந்து தெனம் வேலையப் பாக்க வருவா. வந்தவ மொத நாளே ஒரு தட்டு நெறையப் பழம், ஒரு தூக்குப் போசியில நாட்டுக்கோழிக் குழம்பு, எல்லாம் எடுத்துட்டு இங்க வந்துட்டா. "அக்கா, நாங்க பக்கத்து ஊட்டுக்காரங்க. உங்க ஒறவு வேணுமுங்கக்கா"ன்னு நின்னா. எனக்குக் கூடப்பொறந்தது எல்லாம் ஆம்பளைங்க. அக்கான்னு கூப்பிட ஆளே இல்லாம இத்தனை வருசம் இருந்துட்டேன். இவ வந்த மொத நாளே அக்காங்கறா. சரி, உக்காருன்னேன். மாராத்தா காப்பி கொண்டாந்தா. கப்புல.

எந்தக் கப்புன்னு சொல்லணுமில்ல. உங்க வீட்டுலயும் இருக்கும், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம்ம வீடுகள்ல நமக்கு வெள்ளி, நம்ம ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கு வெள்ளி. வெளியாளுக்குப் பீங்கான். எங்க மில்லுக்கு இன்ஸ்பெக்சன் வர்ற ஆபீசருக, காண்ட்ராக்டருக, ஓட்டுக் கேட்டு வர்றவங்க, யாரு எவருன்னு தெரியாத சனம், இவங்களுக்கெல்லாம் குடுக்கறதுக்குன்னு எங்க மாமனார் ஒரு செட்டு வாங்கி வெச்சாரு. வெள்ளைக் கப்பு, ஓரத்துல நீலப்பூ. பாக்க அழகா இருக்கும். வந்தவனுக்கும் சந்தோசம், நம்ம பாத்திரமும் நம்ம பாத்திரமா இருக்கும். இந்த வீதியில ருக்மணி அக்கா வீட்டுல பச்சைக் கோடு, எஸ்டேட்கார வீட்டுல மஞ்சள். வீட்டுக்கு வீடு உண்டு. யாரும் வெளிய சொல்லிக்கறதில்லை. வெளிய சொன்னா அதுல என்ன மரியாதை?

பூவாயி அந்தக் கப்பைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "எவ்வளவு அழகா இருக்குதுங்கக்கா! எங்க ஊட்டுல எல்லாம் எவர்சில்வர் லோட்டாதானுங்க. பெரிய ஊடுன்னா பெரிய ஊடுதானுங்க"ன்னா. கண்ணெல்லாம் மினுங்குது. நான் ஒண்ணும் சொல்லல. சொல்றதுக்கு என்ன இருக்கு?

அப்பறம் தெனம் வருவா. காலையில வேலையாளுகளுக்கு வேலையச் சொல்லிட்டு இங்க வந்து உக்காந்துக்குவா. எதையாவது கேப்பா. எந்தக் கடையில சேலை எடுக்கறீங்க, குழம்புக்கு என்ன அரைக்கறீங்க, வந்தவங்களை எப்படி உக்கார வெக்கறது, எப்ப எந்திரிக்கறது. நானும் சொல்லிக் குடுத்தேன். சத்தமாச் சிரிக்காதேன்னேன், நிறுத்திட்டா. அத்தனை நகையப் போட்டுட்டுத் தெருவுல நிக்காதேன்னேன், கழட்டிட்டா. நான் குளிக்கற ரூம்ல வழுக்கி விழுந்தப்ப அவதான் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனா. அவ பொண்ணு சிந்துஜா, பல் டாக்டரு, அதுதான் எங்கூடவே இருந்து கால்ல கட்டுப் போடற வரைக்கும் பாத்துச்சு. பெரிம்மா பெரிம்மான்னு சுத்திச் சுத்தி வரும். பெரியவன் வீடியோவுல பாத்தான், பரவாயில்லையாம்மான்னு கேட்டான். அவனுக்கு லீவு இல்லை பாவம்.

உங்க பையன் பல்வலிக்குப் போனப்பதான் அந்தப் பொண்ணைப் பாத்தானுங்களா? சரிதான். ஒரு பல்லப் புடுங்குனா மனசையும் சேத்துப் புடுங்கிருச்சாக்கும்.

இல்லீங்க, சும்மா சொன்னேன். நல்ல பொண்ணுதான். வாய்தான் கொஞ்சம் நீளம். வர்றேன், அதுக்குத்தான் வர்றேன்.

அந்த வருசம் கோடை பாருங்க, எங்க கெணறு வத்திருச்சு. எங்க மாமனார் காலத்துல கூட வத்தாத கெணறு. ஏன் வத்துச்சு? அவங்க வீடு கட்ட போர் போட்டாங்க, ஆயிரத்து எத்தனையோ அடி. எல்லாத் தண்ணியையும் அது உறிஞ்சிக்கிச்சு. வீதியில மத்த கெணறெல்லாம் அதுக்கு முன்னாலயே வத்திருச்சுன்னு மாராத்தா சொல்லுவா, அவ கெடக்கா. பூவாயி விசயம் தெரிஞ்சதும் சுவத்துக்கு மேல ஒரு குழாயைப் போட்டு எங்க தொட்டியில விட்டுட்டா. "தண்ணிக்கு யோசிக்காதீங்கக்கா"ன்னா. நீங்க வந்ததுலருந்து பொறத்தால ஒரு சத்தம் கேக்குதில்ல, கொடகொடன்னு? அதுதான். தெனம் விடறாங்க. விடட்டுமே, எங்க தண்ணிதானே.

சரி, விசயத்துக்கு வர்றேன். வீடு முடிஞ்சுது. புண்ணியார்ச்சனைக்கு நாள் குறிச்சாங்க, அதான் புதுவீடு புகறது. புருசனும் பொண்டாட்டியுமா வீதி பூரா வீடு வீடாப் போயி வெத்தல பாக்கு வெச்சுக் கூப்பிட்டாங்க. அதுல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. கூப்பிட்டுட்டு பூவாயி எங்கிட்ட வந்து உக்காந்தா. "அக்கா, எங்க ஒறம்பரை ஆயிரம் பேரு வந்தாலும் எனக்குப் பயமில்லீங்க. இந்த வீதியில இருக்கற பொம்பளைங்க வரோணும், வந்து ஒரு வாய் சாப்பிடோணும், அதுதானுங்க எனக்கு. அவங்க வந்துட்டா நான் இந்த வீதிக்காரி ஆயிருவனுங்க. எல்லாம் உங்க ஊட்டுல எப்படியோ அப்படியே செய்யறனுங்க"ன்னா.

செய்யி, நல்லாச் செய்யின்னேன்.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு துணிப்பையில எதையோ பொத்திக் கொண்டாந்தா. கண்ண மூடுங்கக்காங்கறா, எனக்கு இந்த வயசுல. கண்ணத் தொறந்தா, கப்பு. வெள்ளைக் கப்பு, ஓரத்துல நீலப்பூ. அச்சு அசலா எங்க கப்பு! ஊரெல்லாம் தேடி, கடைசியில எங்கயோ சொல்லிச் செய்ய வெச்சு வாங்கியிருக்கா. வீதிப் பொம்பளைகளுக்குன்னே தனியா பெட்டி பெட்டியா. "சரியா இருக்குதுங்களாக்கா? நீங்க எனக்குக் குடுக்கற மாதிரியே அவங்களுக்கும் குடுக்கோணும்"ன்னா.

அம்மிணி, நான் பொய் பேசற ஆளில்லை. அழகா இருக்குன்னுதான் சொன்னேன். அழகாத்தானே இருந்துச்சு? வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்கறீங்களா? எப்படிச் சொல்றது? சொன்னா, ஏன்னு கேப்பா. ஏன்னு சொன்னா, இத்தனை நாள் அவளுக்கு எதுல குடுத்தோம்னு தெரிஞ்சு போகும். அவ மனசு புண்படுமில்ல? அதுக்குத்தான் பேசாம இருந்தேன்.

வீதியில எல்லாருக்கும் நான்தான் ஃபோன் பண்ணேன். பாதிப்பேரு போறதா இல்லை. கண்டிப்பா வாங்க, ஒரு வேடிக்கை இருக்குன்னேன். வீதிக்கே மூத்தவங்க, ருக்மணி அக்கா கூட வந்துட்டாங்க, அவங்க எங்கயும் போறதில்லை.

அன்னிக்குப் பூவாயி எங்க எல்லாரையும் தனியா ஒரு ஹால்ல உக்கார வெச்சா. அடக்கமா ஒரு பட்டு, ஒத்தைச் செயின். நான் சொல்லிக் குடுத்த மாதிரியே சத்தமில்லாமச் சிரிச்சுட்டு நிக்கறா. பக்கத்து ரூம்ல இலை போட்டாச்சு. அதுக்கு முன்னால காப்பி வந்துச்சு. அவளே தட்டைத் தூக்கிட்டு வந்தா, பொண்ணு ஒரு தட்டு. ஆளுக்கு ஒரு நீலப்பூக் கப்பு.

ருக்மணி அக்கா கப்பைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க. எஸ்டேட்கார வீட்டு சுகுணா முந்தானையால வாயை மூடிக்கிட்டா. எனக்கும் உள்ளுக்குள்ள சிரிப்பு, அடக்க மாட்டாம இருமற மாதிரி இருமுனேன். ருக்மணி அக்கா கப்பை வெரலால அந்தப் பக்கம் தள்ளி வெச்சாங்க. "எங்களுக்கு இது பழக்கமில்லைம்மா"ன்னாங்க. எந்திரிச்சாங்க. அக்கா எந்திரிச்சா மத்தவங்க உக்காந்திருக்க முடியுமா? எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க.

பூவாயிக்கு ஒண்ணும் புரியல. சக்கரை பத்தலையாங்கக்கா, பால் திரிஞ்சிருச்சாங்கக்கான்னு ஒவ்வொருத்தரா மறிச்சுக் கேக்கறா. தாம்பூலப் பையைத் தூக்கிட்டு வெறுங்கால்ல கேட்டு வரைக்கும் ஓடறா. "சாப்பிடாமப் போறீங்களே, இலை போட்டாச்சுங்களே, நான் என்னங்க தப்புப் பண்ணுனே"ங்கறா. ருக்மணி அக்கா கார்ல ஏறிக் கண்ணாடிய ஏத்திக்கிட்டாங்க. அவ கண்ணாடிக்கு வெளிய கும்பிட்டுட்டே நிக்கறா. பாவமாத்தான் இருந்துச்சு. எனக்கும் மனசு இருக்குதில்லீங்களா?

நான் உடனே போகல. ஒடனே போனா நல்லா இருக்காதுன்னு உக்காந்திருந்தேன். அப்பத்தான் அந்தப் பொண்ணு வந்துச்சு. என் முன்னால இருந்த கப்பைப் பாத்துச்சு. நெறைய இருக்கு, ஆடை கட்டிப் போச்சு. "பெரிம்மா, நீங்களும் குடிக்கலீங்களா?"ங்குது. சூடா இருந்துச்சு கண்ணுன்னேன். கப்பையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. படிச்ச பொண்ணில்ல, புரிஞ்சுக்கிச்சு. "எங்கம்மாவுக்கு இத்தனை நாளா இதுலதானுங்களே குடுத்தீங்க?"ன்னுச்சு. நான் சேலையைச் சரி பண்ணிட்டிருந்தேன். அது என் கப்பை எடுத்துச்சு. நான் தொட்டு வெச்ச கப்புங்க. நின்ன வாக்குலயே ஒரே மூச்சுல குடிச்சுது, கப்பைக் கீழ வெச்சுது. "காப்பி நல்லாத்தானுங்க இருக்குது பெரிம்மா"ன்னுட்டு அவங்கம்மாவைக் கூட்டிட்டு வரப் போயிருச்சு.

பாத்தீங்களா வாயை? இதைத்தான் சொன்னேன். ஒரு பெரியவங்ககிட்டப் பேசற பேச்சா இது? சத்தம் போட்டாக்கூடச் சின்னப் பொண்ணுன்னு விட்டுறலாம். சத்தமே போடாம இப்படிப் பேசற பொண்ணு நாளைக்கு மாமியார்கிட்ட எப்படிப் பேசும்? உங்க தங்கச்சிதானே மாமியாரு? அதான், நெனச்சுப் பாருங்க.

அன்னிக்கிருந்து பூவாயி இந்தப் பக்கம் வர்றதில்லை. எனக்கு அதுதான் ஆறவே இல்லைங்க. ஏங்க, ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கலாமில்ல? அக்கா, இப்படி ஆயிப்போச்சே, என்ன விசயம்னு? அக்கா அக்கான்னு இத்தனை நாள் வந்தவளுக்கு அது தெரியாதா? எத்தனை சொல்லிக் குடுத்திருப்பேன்! நன்றியே கெடையாதுங்க இந்த மாதிரி சனத்துக்கு. அந்தக் கப்பையெல்லாம் என்ன பண்ணுனாளோ தெரியல. மரத்துல லைட்டை அவுத்துட்டாங்க. கேட்டுல பேரும் எரியறதில்லை. வீட்டை விட்டு வெளியவே வர்றதில்லைன்னு மாராத்தா சொல்றா. யாராவது வந்தா, பொண்ணை விட்டுப் பேசச் சொல்லிட்டு உள்ள போயிருவாளாம். காப்பி குடிக்கறதையே விட்டுட்டாளாம். அதையும் எங்கிட்ட வந்து சொல்றா பாருங்க இந்த மாராத்தா, நான் என்னமோ பண்ணுன மாதிரி.

காலையில அவ வர்ற நேரம் ஆச்சுன்னா எனக்குக் கண்ணு கேட்டுக்குப் போகுது. சொல்லக் கூடாது, ஆனா பொழுதே போக மாட்டேங்குது. விடுங்க அதை.

என்னது, பொண்ணை ஒரு தடவை நேர்ல பாக்கணுமா? இப்ப இருக்காதுங்க, க்ளினிக்குக்குப் போயிருக்கும். சாயங்காலமும் லேட்டாகும். எந்நேரமும் வெளியதான்.

நான் வேண்டாம்னு சொல்லல. உங்க பையன் ஆசைப்படறான். செய்யுங்க. செய்வாங்க அவங்க, பொண்ணுக்கு அள்ளிப் போடுவாங்க, அதுல கொறை வராது. ஆனா ஒண்ணு யோசிங்க. நீங்க கட்டுனா நல்லுசாமி உங்க வீட்டு நடுக்கூடத்துல உக்காந்து எங்கப்பன் கெணறு வெட்டுனவருங்கன்னு சொல்லுவாரு, நீங்க கேட்டுட்டிருக்கணும். உங்க தோப்பு பங்களாவுக்கு மொத தீபாவளிக்கே பெயிண்ட் அடிச்சுத் தர்றேன்னு நிப்பாரு. பூவாயி உங்களுக்குச் சம்பந்தியம்மா. ருக்மணி அக்காவுக்கு உங்க வகையில தூரத்து ஒறவு வருமே, அப்ப அவங்களுக்கும் ஒறவு. எனக்கும் ஏதோ ஒரு வகையில ஒறவு. நாளைக்கு அவ இங்க வந்து இந்த நாற்காலியில உக்காந்தா, நான் அவளுக்கு எதுல காப்பி குடுக்கறது? சொல்லுங்க. எதுல குடுக்கறது?

உங்களை ஒரு நிமிசத்துல புரிஞ்சுக்கிட்டேன் பாத்தீங்களா. யாரு என்னன்னு கேக்கறதுக்கு முன்னாலயே வெள்ளி டம்ளருன்னு சொன்னேன். அதெல்லாம் ரத்தத்துல வரணும்.

சரிதான். ஒத்து வராதுன்னு தங்கச்சிகிட்டச் சொல்லிடறேங்கறீங்களா. பையனுக்கு நாலு நாள் மனசு கஷ்டமா இருக்கும், அப்பறம் சரியாயிரும். நல்ல முடிவுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க. நான்தான் ஒண்ணும் சொல்லலையே. எல்லாம் நல்ல குடும்பம்னுதானே சொன்னேன்?

என்ன மாராத்தா? யாரு உன்னை இப்பக் கொண்டாரச் சொன்னது? நான் கேட்டனா? இல்லீங்க, இது... நீலப்பூத்தான், ஆனா இது நான் கஷாயம் குடிக்கிற கப்பு. வெள்ளியில ஊத்துனா கஷாயம் கருத்துரும்னு இதுல குடிக்கறது. காப்பி வாசம் வருதுங்களா? கஷாயத்துலயும் கொஞ்சம் காப்பித்தூள் போடுவா இவ. உள்ள கொண்டு போடி. அம்மா குடிச்ச டம்ளரையும் எடுத்துட்டுப் போ. நல்லாத் தேச்சுக் கழுவி வையி, வெளிய இருக்கற வெள்ளி அது ஒண்ணுதான், அடுத்து யாராவது வந்தா வேணும்.

கெளம்பிட்டீங்களா? இருங்க, குங்குமம் வெச்சுக்குங்க.

யாருங்க? எங்க? ஓ, அதுவா. பொறத்தால சுவத்துக்கு அந்தப் பக்கமிருந்து. தெனம் இந்நேரத்துக்குக் கூப்பிடும். "பெரிம்மா, தொட்டி நெறஞ்சுதுங்களா? மோட்டாரை நிறுத்திரட்டுங்களா? காலு வலி தேவலைங்களா பெரிம்மா?" ஆமாங்க, கொரல் நல்லாத்தான் இருக்கு. மரியாதையாத்தான் பேசுது. யாரு பெத்த பொண்ணோன்னு கேக்கறீங்களா? இப்படி ஒண்ணு கெடச்சா கண்ண மூடிட்டுக் கட்டிரலாம்ங்கறீங்களா?

அது அந்த வீட்டு வேலைக்காரப் பொண்ணுங்க.

நீங்க பாத்துப் போங்க. படி ஆடும், ஓரமா எறங்குங்க. தங்கச்சியை விசாரிச்சேன்னு சொல்லுங்க.

நெறஞ்சுது கண்ணு! போதும், நிறுத்திரு!